ஜெராக்ஸ் அக்கா கெடுத்த ஆட்டப் பாட்டு

நான் நாலாம் வகுப்பைத் தாண்டாதவன். தலையில் ஸ்பீக்கர் சுமந்து பிழைப்பைத் தொடங்கி, இன்று சொந்தமாக சவுண்ட் சர்வீஸ் நடத்துகிறேன். மேடையில் யார் பாடினாலும், முதல் வரியிலேயே ஆள் தேறுமா தேறாதா என்று சொல்லிவிடுவேன். என் காது அப்படி. அந்தக் காதையே வாயடைக்க வைத்தவள் ஒருத்தி உண்டு.

பகலில் யூனிஃபார்ம் தைப்பாள். சாயங்காலம் மெல்லிசைக் குழுவில் பாடுவாள். ரெக்கார்டில் பாடகி எங்கே மூச்சு வாங்குகிறாளோ அங்கேதான் இவளும் வாங்குவாள். அதனால் குழுவில் எல்லோருக்கும் அவள் 'ஜெராக்ஸ் அக்கா'. அவளுக்கும் அதில் பெருமைதான். எங்கள் தொழிலில் 'அப்படியே ரெக்கார்டு மாதிரி' என்பதை விடப் பெரிய பாராட்டு கிடையாது.

அவளுக்குத் தொண்டையில் ஒரு ஆபரேஷன் நடந்தது. பேச்சு திரும்பிவிட்டது, மேல் சுருதி மட்டும் திரும்பவில்லை. குழு நடத்தும் மாஸ்டர் ஒரு கம்பெனி ஆண்டு விழாவுக்குப் புறப்படும்போது வெட்டு ஒன்று துண்டு இரண்டாகச் சொல்லிவிட்டார். "இன்னைக்கு அந்த வண்டிப் பாட்டை சரியாப் பாடிடு. இல்லேன்னா வேற பொண்ணு ரெடியா இருக்கா."

வேனில் என் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தாள். "பகல் பூரா மெஷின்ல கால்தான் ஓடுது அண்ணே. மைக் முன்னாடி நின்னாத்தான் நான் இருக்கேன்னே தெரியுது. இதுவும் போயிட்டா?" என்றாள்.

"நான் மிக்ஸர்ல உக்காந்திருக்கேன்ல, பாத்துக்கலாம்" என்றேன்.

வண்டிப் பாட்டு என்றால் அரங்கமே ஆடும். 'வண்டி கிளம்புது, வாறியா? வாசல்ல நிக்கிறேன், பாக்கிறியா?' என்று குதிக்கிற பாட்டு. அறிவிப்பு வந்ததுமே முன்வரிசை ஆட்கள் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்து நின்றார்கள்.

கீபோர்டுக்காரர் அங்கேதான் சொதப்பினார். முந்தின பாட்டு ஆண் குரல் சோகப் பாட்டு. அதற்காகச் சுருதியை இறக்கி வைத்திருந்தார். அதை ஏற்றவும் மறந்தார், தாளத்தை மாற்றவும் மறந்தார். ஆட்டப் பாட்டு ஆமை நடையில் ஆரம்பித்தது. மாஸ்டர் கையை உயர்த்தி நிறுத்தச் சொன்னார்.

அதற்கு முன்பே அவள் கண்ணை மூடிப் பாடத் தொடங்கிவிட்டாள். அந்தச் சுருதி அவளுடைய புதுத் தொண்டைக்குச் சரியாக உட்கார்ந்தது. டிரம்ஸ்காரர் வேகத்தை ஏற்றப் பார்த்தார். நான் மிக்ஸரில் அவர் சத்தத்தை அடியோடு இறக்கிவிட்டேன். அந்த நேரத்தில் அது வேறு யாருக்கும் தோன்றியிருக்காது.

எத்தனையோ மேடையில் கேட்ட பாட்டுதான். அதில் வாசலில் ஒருத்தி தனியாக நிற்கிறாள், அவளை யாரும் திரும்பிப் பார்க்கவில்லை என்பது அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது. ஆட எழுந்தவர்கள் ஒவ்வொருவராக உட்கார்ந்தார்கள்.

பாட்டு முடிந்ததும் மாஸ்டர் அவளை மேடையோரத்தில் பிடித்துக்கொண்டார். "யாரைக் கேட்டு இப்படிப் பாடினே?"

"நான் எங்க மாஸ்டர் மாத்தினேன்? கீபோர்டுக்காரரு சுருதியை அங்க இறக்கிட்டாரு, நான் அங்கேயே இருந்துட்டேன்."

அதற்குள் கம்பெனி கேன்டீன் அம்மா ஈரக்கையோடு மேடையோரம் வந்து நின்றாள். "அந்தப் பாட்டை இன்னொரு தடவை பாடுவீங்களா?"

"பாடலாம்மா, இந்தத் தடவை ரெக்கார்டு மாதிரியே பாடச் சொல்றேன்" என்றார் மாஸ்டர்.

"வேண்டாம் சார். அது என் போன்லயே இருக்கு. இவங்க இப்பப் பாடின மாதிரியே வேணும்."

மாஸ்டர் தாடையைச் சொறிந்தார். பிறகு கீபோர்டுக்காரர் பக்கம் திரும்பி, "எதையும் தொடாதே. அப்படியே வை" என்றார்.

இப்போது மேல் சுருதிப் பாட்டுக்குப் புதுப் பெண்ணும் வந்துவிட்டாள். ஆனாலும் ஜெராக்ஸ் அக்கா இல்லாமல் மேடை இல்லை. ஒத்திகைக்கு வரும்போதெல்லாம் மாஸ்டர் கேட்பார், "இந்த வாரம் எந்தப் பாட்டைக் கெடுக்கப் போறே?"

அவள் என்னைப் பார்ப்பாள். நான் டிரம்ஸ் சத்தத்தை இறக்கி வைத்துவிட்டுக் காத்திருப்பேன்.