கரடிப் பெட்டிக்கு அண்ணன் போட்ட பூட்டு

என் அண்ணன் பூட்டுக்காரர். கடைத்தெருவில் மருந்துக்கடைக்கும் என் இஸ்திரி மேசைக்கும் நடுவே, ஒரு ஆள் உட்காரும் அகலத்தில் அவருடைய கடை. ஆணிக்கு ஆணி வெட்டாத சாவிகள் தொங்கும். அவர் அரத்தால் ராவும்போது பித்தளைத் தூள் பறந்து வந்து நான் மடித்து வைத்த வெள்ளைச் சட்டைகள்மேல் உட்காரும். ஏதாவது சொன்னால், "உன் வாடிக்கைக்காரங்களுக்கு ஓசியில ஜரிகை வச்சுத் தரேன், சும்மா இரு" என்பார்.

ஊரில் யார் வீட்டுக் கதவு தானாகச் சாத்திக்கொண்டாலும் அவரைத்தான் தேடி வருவார்கள். அவரும் போவார், வழியெல்லாம் பேசிக்கொண்டே. "சாவியை உள்ள வச்சிட்டு வெளிய நின்னு பூட்டுற புத்திசாலிங்க இருக்கிற வரைக்கும் எனக்குப் பஞ்சமே இல்லம்மா."

அவர் தொழிலில் ஒரு முறை உண்டு. பூட்டுக்குள் கம்பியை விடுவதற்கு முன்னால், "எல்லாரும் திரும்பி நில்லுங்க" என்பார். வீட்டுக்குச் சொந்தக்காரராகவே இருந்தாலும் சரி. சாவி இல்லாமல் திறப்பதைப் பார்த்த கண் சும்மா இருக்காது, ஒரு நாள் கையையும் கூப்பிடும் என்று தொழில் கற்றுக்கொடுத்தவர் சொல்லி, சத்தியமும் வாங்கியிருக்கிறார். ஒரு முறை ஒரு நீதிபதியே தன் வீட்டு வாசலில் சுவரைப் பார்த்து நின்றார். "பள்ளிக்கூடத்துக்கு அப்புறம் இன்னைக்குத்தான்யா இப்படி நிக்கிறேன்" என்று அவர் சிரித்த சிரிப்பு தெருக்கோடி வரைக்கும் கேட்டது.

தங்கமான மனிதர். ஆனால் வெளியூரில் தங்கவே மாட்டார். கல்யாணமோ சாவோ, எங்கே போனாலும் அன்றைக்கே திரும்பிவிட வேண்டும். தானே செய்த தாழ்ப்பாளை ஒரு முறை, தானே போட்ட பூட்டை ஒரு முறை இழுத்துப் பார்த்தால்தான் அவருக்குக் கண் சொக்கும். அதனால் பாவம், அண்ணியும் எங்கும் தங்கியதில்லை. மாடியில் துணி காயப்போடும்போது தூரத்தில் நீலமாக ஒரு மலை தெரியும். ஈரத்துணி தோளில் கிடக்க, அண்ணி அதையே பார்த்துக்கொண்டு நிற்பார். "கட்டிக்கிட்டு வந்த நாள்லேருந்து நம்ம வீட்டைத் தவிர வேற எங்கயும் விடிஞ்சு பார்த்ததில்ல, தெரியுமா? ஒரே ஒரு தடவை அந்த மலையில விடியணும்" என்பார் என்னிடம். அண்ணனிடம் சொன்னால் காது கேட்காதவர் மாதிரி அரத்தை எடுத்துவிடுவார்.

வெளியூரில் வேலை பார்க்கும் அவர்கள் மகளுக்கு இது தெரியும். அந்த மலையில் இருக்கும் தேசியப் பூங்காவில் கூடாரம் போட ஒரு இடம் பதிவு செய்து, கூடாரத்தையும் வாங்கி அனுப்பிவிட்டாள். பெற்ற மகள் கேட்டால் அண்ணனால் மறுக்க முடியுமா? ஆனால் ஒரு பிடி வைத்துக்கொண்டார்.

"வரேன். ஆனா மனசுக்குச் சரிப்படலைன்னா சாயங்கால பஸ்ஸுல இறங்கிடுவேன். அப்புறம் மூஞ்சியைத் தூக்கி வச்சுக்கக் கூடாது."

"சரிங்க" என்றார் அண்ணி. பிறகு என் மேசைக்கு வந்து, "நீயும் வா. உங்க அண்ணனைப் பிடிச்சு வைக்க ஒரு ஆள் பத்தாது" என்றார். கிளம்பும் அன்று விளக்கேற்றிக் கும்பிட்டபோது நான் வேறெதுவும் கேட்கவில்லை. 'ஆண்டவா, எங்கள் அண்ணிக்கு ஒரே ஒரு பொழுது அந்த மலையில் விடியட்டும்' என்றுதான் கேட்டேன்.

கருவிப்பெட்டியை எடுக்கக் கூடாது என்று அண்ணி கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். அண்ணனும் நல்ல பிள்ளையாக வெறுங்கையோடு பஸ் ஏறினார். கோட்டுப் பையில், அழுத்தினாலே பூட்டிக்கொள்ளும் ஒரு பித்தளைப் பூட்டை ஒளித்து வைத்திருந்தது பிறகுதான் தெரிந்தது.

மேலே போய் இறங்கினால் மலையையே காணோம்! எல்லாம் மேகம். உயரமான மரங்கள், நடுவே புல்தரை, அதில் எங்களுக்கு ஒரு இடம். பக்கத்து இடத்தில் புதிதாகக் கல்யாணமான ஒரு ஜோடி. மீசைக்கார வனக்காவலர் ஒருவர் வந்து கூடாரம் கட்ட உதவினார். கட்டி முடித்ததும் அண்ணன் அதைச் சுற்றி வந்தார், குனிந்தார், வாசலின் ஜிப்பை மேலும் கீழும் இழுத்தார்.

"கதவு எங்க?"

"இதுதாங்க கதவு" என்றார் காவலர்.

"இதுவா? இது கால்சட்டைக்கு வைக்கிறதாச்சே! இதை நம்பி மூணு பேர் படுக்கிறதா?"

அண்ணி என்னைப் பார்த்தார். நான் ஆகாயத்தைப் பார்த்தேன்.

இரண்டு கூடாரங்களுக்கும் பொதுவாக, சிமெண்டில் பதித்த பெரிய இரும்புப் பெட்டி ஒன்று இருந்தது. "கரடிக்கு மூக்கு பொல்லாத மூக்குங்க. சாப்பாடு, சோப்பு, சட்டைப் பையில கிடக்கிற மிட்டாய் வரைக்கும் எல்லாம் இந்தப் பெட்டிக்குள்ள போயிடணும்" என்றார் காவலர். பீடியை விட்ட நாளிலிருந்து அண்ணன் பெப்பர்மிண்ட் மிட்டாய்க்கு அடிமை. கோட்டுப் பை முழுக்க அதுதான்.

"பூட்டு இல்லையே?" என்றார் அண்ணன்.

"கொண்டி உள்பக்கமா இருக்குங்க. கரடிக்குக் கை போகாது."

"மனுசனுக்குப் போகுமில்ல?"

பக்கத்துக் கூடாரத்துப் பையன் முகம் சுருங்கிவிட்டது. அவன் மனைவி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

எல்லோரும் அருவி பார்க்கப் புறப்பட்டோம். "நீங்க நடங்க, இதோ வந்துட்டேன்" என்று அண்ணன் மட்டும் பின்தங்கி, கொஞ்ச நேரம் கழித்து வந்து சேர்ந்தார். முகத்தில் ஒரு நிம்மதி. தண்ணீரில் கால்கூட நனைத்தார். ஆகா, கடவுள் கண்திறந்துவிட்டார் என்று நினைத்துக்கொண்டேன்.

நல்ல பசியோடு திரும்பி வந்தோம். பெட்டியில் அண்ணனின் பித்தளைப் பூட்டு தொங்கியது. கதவோரத்தில் எதற்கோ இருந்த ஒரு துவாரத்தைத் தேடிப்பிடித்து மாட்டியிருந்தார். அண்ணி கையை நீட்டினார்.

"சாவி குடுங்க."

அண்ணன் சட்டைப் பையைத் தொட்டார். இந்தப் பக்கம் தொட்டார். பின்பக்கம் தொட்டார். பிறகு அப்படியே நின்றுவிட்டார்.

"கோட்டு எங்கங்க?" என்றார் அண்ணி மெதுவாக.

"மிட்டாய் இருந்துச்சுல்ல... உள்ள வச்சேன்."

"சாவி?"

"கோட்டுல."

அருவிச் சத்தம் அங்கே வரைக்கும் கேட்டது. அண்ணி முந்தானையை வாயில் வைத்து அடக்கிப் பார்த்தார், முடியவில்லை. "சாவியை உள்ள வச்சிட்டுப் பூட்டுற புத்திசாலிங்க இருக்கிற வரைக்கும்..." என்று ஆரம்பித்தவர், மிச்சத்தைச் சொல்ல முடியாமல் வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். நான் எதற்கு மறைக்க வேண்டும்? நானும்தான் சிரித்தேன்.

"சிரிங்க, நல்லா சிரிங்க" என்றார் அண்ணன்.

"எங்க சாப்பாடும் உள்ளதாண்ணே இருக்கு" என்றாள் அந்தப் புதுப்பெண், அழுவதா சிரிப்பதா என்று தெரியாமல்.

சத்தம் கேட்டுக் காவலர் வந்தார். "கடப்பாரை கொண்டு வரட்டுங்களா? ஒரு போடு போட்டா தெறிச்சிடும்."

"என் பூட்டையா?" அண்ணன் பெட்டிக்கு முன்னால் போய்க் கையை விரித்துக்கொண்டு நின்றார், பெற்ற பிள்ளையை அடிக்க வந்த மாதிரி.

அண்ணி சிரிப்பை நிறுத்திவிட்டுத் தன் கொண்டையிலிருந்து இரண்டு ஊசிகளை உருவிக் கொடுத்தார். அண்ணன் வாங்கிக்கொண்டார். ஆனால் முகம் கடுகடுவென்று இருந்தது. ஊரையெல்லாம் கேலி செய்தவர் ஊர் பார்க்க மாட்டிக்கொண்டால் வேறெப்படி இருக்கும்?

"திறந்து இவங்க சாப்பாட்டைக் குடுத்துட்டு நேரா பஸ்ஸுதான். மனசுக்குச் சரிப்படல. சொல்லிட்டேன்."

அண்ணி தலையை மட்டும் ஆட்டினார். அவிழ்ந்த கூந்தலை அள்ளி முடிந்துகொண்டு, மேகத்தை ஒரு முறை பார்த்தார். இவ்வளவு தூரம் கொண்டுவந்துவிட்டு இப்படிச் செய்யலாமா ஆண்டவா என்று மனசுக்குள் கேட்டேன்.

"எல்லாரும் திரும்பி நில்லுங்க" என்றார் அண்ணன்.

"நானுமா?" என்றார் காவலர்.

"நீங்கதான் முதல்ல!"

பெட்டிக்கு முதுகைக் காட்டி வரிசையாக நின்றோம். எதிரே வெறும் மேகம். பின்னால் ஊசி உரசும் சத்தம். அப்போதுதான் மேகம் நடுவில் கிழிந்தது. முதலில் கறுப்பாக ஒரு பாறை. அதற்கு மேலே, நாங்கள் யாரும் நினைக்காத உயரத்தில், ஒரு சிகரம். சாயங்கால வெயில் பட்டு உருக்கிய பொன்னாக நின்றது. காவலர் தொப்பியைக் கழற்றிவிட்டார். புதுப்பெண், "அம்மாடி!" என்றாள். அண்ணி என் மணிக்கட்டைப் பிடித்த பிடியில் வளையல் அழுந்தியது. என் கை தானாகக் குவிந்தது.

"என்ன? என்ன அங்க?" என்றார் அண்ணன் பின்னாலிருந்து.

"ஒண்ணுமில்ல, நீங்க வேலையைப் பாருங்க" என்றார் அண்ணி, திரும்பாமலே.

அவரால் விட முடியாது. பாதியில் கையை எடுத்தால் முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். 'டக்'கென்று சத்தம் வந்ததும் பூட்டும் கையுமாக ஓடி வந்தார். மேகம் அப்போதுதான் மூடிக்கொண்டது.

"எங்க?"

"போயிடுச்சுங்க."

"எப்படி இருந்துச்சு?"

அண்ணி வாயைத் திறந்தார், மூடினார். "சொல்லத் தெரியலங்க" என்றார்.

பக்கத்து வீட்டுக்காரி வாங்கிய புடவையை நூல் நூலாக வர்ணிப்பவர் எங்கள் அண்ணி. அவருக்கே சொல்லத் தெரியவில்லை என்றதும் அண்ணன் ஆடிப்போய்விட்டார்.

"மறுபடி எப்பத் திறக்கும்?" என்று காவலரைக் கேட்டார்.

"பெரும்பாலும் விடியும்போது திறக்குங்க. சத்தியம் பண்ண மாட்டேன்."

கீழே பஸ் ஹாரன் அடித்தது. அண்ணன் பாதையைப் பார்த்தார், மேகத்தைப் பார்த்தார், கையிலிருந்த பூட்டைப் பார்த்தார். மறுபடி ஹாரன் அடித்தது.

"அவன் எதுக்கு இப்படி அடிச்சிக்கிறான்? போகச் சொல்லுங்க" என்றார். "பார்க்காம இறங்கினா எனக்கு ஆயுசுக்கும் தூக்கம் வராது."

அண்ணி பெட்டியைத் திறந்து எல்லோருக்கும் சாப்பாட்டை எடுத்து வைத்தார். அண்ணனுக்குக் கொஞ்சம் அதிகமாகவே வைத்தார்.

படுக்கும்போது அண்ணன் அந்தப் பூட்டை ஜிப்பின் இரண்டு பிடிகளையும் சேர்த்து உள்பக்கம் மாட்டினார். "துணியைக் கிழிச்சிக்கிட்டு வர முடியாதாக்கும்?" என்று கேட்க வாய் வந்தது. அடக்கிக்கொண்டேன்.

நான் கண் விழித்தபோது கூடாரத்தில் நான் மட்டும்தான் இருந்தேன். வெளியே புல்தரையின் ஓரத்தில், அண்ணி மலையைப் பார்த்து நின்றார். அண்ணன் மலைக்கு முதுகைக் காட்டி, பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி நின்றார்.

"இன்னும் எவ்வளவு நேரம்டி?"

"திறக்கும்போது பார்க்கக் கூடாதுன்னு நீங்கதானே சொல்வீங்க? நானா சொன்னேன்?"

"தப்புத்தான். விடு தாயே."

"இப்பத் திரும்புங்க."

அவர் திரும்பினார். மேகம் முழுசும் விலகி, அடிவாரத்திலிருந்து உச்சி வரைக்கும் மலை நின்றது. அண்ணன் உச்சி வரைக்கும் அண்ணாந்து பார்த்தார். பிறகு, "நம்ம மாடியிலேருந்து தெரியறது இதுதானா?" என்றார். "இதேதான்" என்றார் அண்ணி. இரண்டு பேரும் தோளோடு தோள் ஒட்டி, சிகரம் இன்னும் நன்றாகத் தெரியும் மேட்டை நோக்கி நடக்கத் தொடங்கினார்கள்.

நான் கூடாரத்தைத் திரும்பிப் பார்த்தேன். ஜிப் கடைசி வரை திறந்து துணி காற்றில் படபடத்தது. பூட்டு திறந்தபடி புல்லில் கிடந்தது, சாவியும் அதிலேயே இருந்தது. கூப்பிட்டுச் சொல்லலாமா என்று வாயெடுத்தேன். வேண்டாம் என்று, ஆண்டவனுக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டு அவர்கள் பின்னால் நடந்தேன்.