நேரசூசியில் வலை

ஸ்ரெல்லா அன்ரிக்கு ஒழுங்கில்லாத புத்தகப் பையைக் கண்டால் பத்திக்கொண்டு வரும். கடற்கரையோரக் குருநகரில் எங்கள் ஒழுங்கையால் போகும் பிள்ளைகளை மறித்துப் பையைக் கொட்டச் சொல்வார். ஒடிந்த பென்சில், காய்ந்த பாண் துண்டு, அட்டை கிழிந்த கணக்குக் கொப்பி எல்லாம் விழும். "உது ஸ்கூல் பாக்கோ, குப்பை வாளியோ?" என்று ஏசிக்கொண்டே தானே அடுக்கிக் கொடுப்பார்.

தபால் கந்தோரில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். சொந்தப் பிள்ளைகள் இல்லை. பின்னேரங்களில் ஊர்ப்பிள்ளைகளைத் தன் விறாந்தையில் இருத்தி, எப்போது படிப்பு, எப்போது ரியூசன், எப்போது நித்திரை என்று ஆளுக்கொரு நேரசூசி போட்டுக் கொடுப்பார். கந்தோர்க்காரரின் பிள்ளைகளுக்கு அது சரிவரும். எங்கள் வீடுகளிலோ மணிக்கூடு சும்மா அழகுக்குத்தான் தொங்குகிறது. வள்ளம் கரைக்கு வந்தால் எல்லோரும் வலையடியில் நிற்க வேண்டும். வலையில் சிக்கிய நண்டை உடனே கழற்றாவிட்டால் செத்துப்போகும். செத்த நண்டை யார் வாங்குவார்?

கிறகோரியின் மகள் வினோஜாவின் நேரசூசி இப்படித்தான் ஒவ்வொரு கிழமையும் குழம்பியது. பதினோராம் வகுப்பு முடிவில் வரும் ஓ.எல். சோதினைக்கு ஒரு வருடம் இருந்தது. கணக்கில் நல்ல கெட்டிக்காரி. உயர்தரத்தில் கணிதம் படிக்க அவளுக்கு ஆசை. அன்ரிக்கு அவளைவிடப் பெரிய ஆசை.

வீட்டோடு மல்லுக்கட்டி வேலையில்லை என்று அன்ரி ஒரு யோசனை கண்டுபிடித்தார். நேரசூசியிலேயே ஒரு கட்டத்தில் 'வலை' என்று எழுதினார். விடியக்காலையில் ஒரு மணித்தியாலம், மிச்சம் முழுக்கப் படிப்பு. நல்ல யோசனை என்று பக்கத்து வீட்டிலிருந்த நானும்தான் சொன்னேன். கிறகோரி அதை வாங்கிப் பார்த்துச் சந்தோசப்பட்டு, அறையில் ஒட்டச் சொன்னார். அடுத்த கிழமை, நண்டு கழற்ற வந்துகொண்டிருந்த கூலிப் பெண்ணை இனி வரவேண்டாம் என்று மறித்துவிட்டார்.

அன்ரி கரைக்கே போனார். "ஒரு மணித்தியாலம் எண்டெல்லோ எழுதினனான், கிறகோரி?"

"ஓம் அக்கா. நண்டு மணி பாத்தே வருது? பிள்ளை வலைக்கு வருவாள் எண்டு நீங்கள்தானே எழுதித் தந்தனீங்கள்."

அதுவரை வலையடியில் நிற்பது வினோஜா வீட்டுக்குச் செய்த உதவி. எழுதிக் கொடுத்த பிறகு அது அவளுடைய வேலை. முதலில் பள்ளிக்குப் பிந்திப் போனாள். பிறகு கிழமையில் இரண்டு நாள் போகவே இல்லை. சோதினை முடிவு வந்தபோது கணக்குக்கு டபிள்யூ, பெயில்.

"இன்னொருக்கா எடுக்கலாம்," என்று அன்ரி புது நேரசூசி போட்டார். அந்த மாதமே இழுவைப்படகு ஒன்று கிறகோரியின் வலைகளை அறுத்துக்கொண்டு போனது. கிறகோரி மேல் எனக்கிருந்த கோபமும் அதோடு போயிற்று. இப்போது வீட்டில் கழற்ற வலையே இல்லை, வினோஜாவுக்கு வேண்டிய அளவு நேரம் இருந்தது. அவளை நண்டுக் கம்பனிக்கு அனுப்பினார்கள். அங்கே காலை முதல் பின்னேரம் வரை நின்றபடி, அவித்த நண்டின் சதை எடுக்க வேண்டும்.

போன ஞாயிறு பூசை முடிய, கம்பனி மேற்பார்வையாளர் பெண் ஒருவர் அன்ரியைத் தேடி வந்தார்.

"வினோஜா உங்களிட்டைப் பழகின பிள்ளையாமே? முதல்நாள் இரவே உடுப்பு, சாப்பாட்டுப் பெட்டி எல்லாம் எடுத்து வைச்சிடுவாளாம். ஒருநாளும் பிந்தினதில்லை. உப்பிடி வேறை பிள்ளையளும் இருந்தா அனுப்பிவிடுங்கோ, மிஸ்."

"பாப்பம்," என்றார் அன்ரி.

பின்னேரம் பிள்ளைகள் வழமைபோல் விறாந்தையில் வந்து இருந்தார்கள். ஒருத்தி, சொல்லாமலே தன் பையைத் திறந்து, கொப்பிகளை ஒழுங்காக அடுக்கிக் காட்டினாள். அன்ரி எழுத எடுத்த நேரசூசித் தாளை மடித்து வைத்தார்.

"இண்டைக்கு இவ்வளவும் காணும்," என்றார். "வீட்டை போங்கோ."