பாதிக் கேள்விக்குப் பதில்

என் அத்தானிடம் இதுவரை யாரும் ஒரு கேள்வியை முழுதாகக் கேட்டு முடித்ததில்லை. அவர் கேட்க விட்டால்தானே. பேருந்து நிலையத்தில் ‘விசாரணை’ என்று பலகை மாட்டிய கண்ணாடிக் கூண்டுக்குள் அவருக்கு வேலை. கண்ணாடியில் வட்டமாக ஓர் ஓட்டை இருக்கும். யார் அளந்து வைத்த உயரமோ, குள்ளமானவர்கள் எக்க வேண்டும், வளர்ந்தவர்கள் குனிய வேண்டும். எக்கியும் குனிந்தும் ஆட்கள் வாயைத் திறப்பதற்குள் உள்ளேயிருந்து பதில் வந்துவிடும்.

“நாலரை வண்டி...”

“போயாச்சு. அடுத்தது அஞ்சேகால். மூணாவது பிளாட்பாரம்.”

கூட்டம் அலைமோதும் இடத்தில் இது நல்ல குணம்தான். அவர் விடுப்பு எடுத்தால் வரிசை வாசல்வரை நிற்கும். ஆனால் ஒருமுறை ஓர் அம்மாள், நாலரை வண்டியில் தன் பையை மறந்து வைத்துவிட்டு இறங்கிவிட்டாள். அதைச் சொல்லத்தான் கூண்டுக்கு வந்தாள். அத்தான் சொன்ன பதிலைக் கேட்டதும், சொல்லாமலே புரிந்துகொண்டாரே என்று நம்பி, அஞ்சேகால் வண்டியில் பை வந்துவிடும் என்று மூன்றாவது பிளாட்பாரத்தில் போய் உட்கார்ந்துவிட்டாள். பை வேறு எங்கேயோ போய்ச் சேர்ந்தது. அதைப் பற்றிக் கேட்டால், “அவங்க பையின்னு சொல்லவே இல்லையே” என்பார் அத்தான். எப்படிச் சொல்வாள் பாவம்?

டிப்போவில் அவருக்கு ‘பொது அறிவு’ என்று பெயர். “பொது அறிவு இன்னிக்கு வந்திருக்கா?” என்று டிரைவர்கள் கேலியாகக் கேட்பார்கள். அவர் அதைக் கேலியாக எடுத்துக்கொண்டதே இல்லை. இந்தியாவின் வரலாறு, கலை, கோயில், கோட்டை, நடனம், சட்டம், சாதனை என்று எதைத் தொட்டாலும் சொல்வார். எங்கே வினாடி வினா நடந்தாலும் பெயர் கொடுத்துவிடுவார். வீட்டு அலமாரியில் கோப்பைகள் வைக்க இடமில்லாமல், சிலவற்றில் அக்கா கரண்டிகளைப் போட்டு வைத்திருந்தாள்.

அவரை முழுக்கக் குறை சொல்லவும் எனக்கு மனம் வராது. அண்ணன் தம்பிகள் ஐந்து பேர் இருந்த வீட்டில் கடைசியாகப் பிறந்தவர். மற்றவர்கள் பேசி முடிக்கும்வரை காத்திருந்தால் அவருக்குப் பேசவே வாய்ப்பு வந்திருக்காது. முந்திக்கொண்டால்தான் தன் குரல் கேட்கும் என்று அங்கேயே படிந்துவிட்டது. அக்காவை ஒருநாளும் அதட்டியதில்லை. பாத்திரம் தேய்ப்பார், துணி உலர்த்துவார். வாயை மட்டும் அடக்கத் தெரியாது.

அக்கா அதற்கு நேர் எதிர். மூக்குக்கண்ணாடிக் கடையில் அவளுக்கு வேலை. ஆட்களை நாற்காலியில் உட்காரவைத்து, ஒரு கண்ணை மூடச் சொல்லி, எதிரே இருக்கும் எழுத்துகளைப் படிக்கச் சொல்வாள். வயதானவர்கள் ஒரே வரியில் தடுமாறிக்கொண்டே இருப்பார்கள். இவள் எடுத்துக் கொடுக்கவே மாட்டாள். “மெதுவா பாருங்க, அவசரமே இல்ல” என்று சொல்லிவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு நிற்பாள். அவர்களாகப் படித்தால்தான் அளவு சரியாக வரும் என்பாள்.

சாயங்காலம் இரண்டு பேரும் வேலை முடிந்து வந்ததும் அந்த வீட்டில் ஒரு வழக்கம். சமையலறை வாசலில் ஸ்டூலைப் போட்டு அக்கா உட்காருவாள், மடியில் வினா விடைப் புத்தகம். அத்தான் காய் நறுக்குவார். அவள் கேள்வியைப் படிப்பாள், அவர் பதில் சொல்வார். தனக்கு மனைவி எவ்வளவு உதவி என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிவார். நானும் எத்தனையோ நாள் அங்கே உட்கார்ந்து பார்த்திருக்கிறேன். ஒரு கேள்வியையாவது அவள் கடைசிவரை படித்து நான் கேட்டதில்லை.

“என்னங்க, முழுசா படிக்க விடுங்க.”

“விடை சரிதானே?”

“சரிதான்.”

“அப்புறம் என்ன? அடுத்தது.”

அடுத்ததற்குப் போவாள். மீதிப் பாதியை மனத்துக்குள் படித்துக்கொள்வாள். இப்படிப் பல வருடங்கள். அவருக்குத் தெரிந்ததெல்லாம் பதில்கள். கேள்விகள் முழுதாகத் தெரிந்தவள் அவள் ஒருத்திதான். இது எனக்கே அந்தப் போட்டியன்றுதான் உறைத்தது.

பெரிய போட்டி அது. கணவனும் மனைவியும் ஜோடியாகக் கலந்துகொள்ள வேண்டும். தலைப்பு இந்தியப் பண்பாடும் வரலாறும். அத்தான் புதுச் சட்டை தைத்துக்கொண்டார். அக்காவிடம், “நீ சும்மா பக்கத்துல உக்காந்தா போதும்” என்று சொல்லித்தான் கூட்டிக்கொண்டு போனார். நான் முன்வரிசையில் இருந்தேன். கடைசிச் சுற்றில் இவர்களும், வங்கியில் வேலை பார்க்கும் ஒரு ஜோடியும் சமமாக நின்றார்கள். ஒரே ஒரு கேள்விதான் பாக்கி. நடத்துபவர் படிக்க ஆரம்பித்தார்.

“மறைந்துபோன வாழ்க்கைத் துணையின் நினைவாகக் கட்டப்பட்டதாகச் சொல்லப்படுவதும்...”

அக்கா அத்தானின் முழங்கையைப் பிடித்தாள். நான் பார்த்தேன். அவர் கையை உதறிவிட்டு மணியை அழுத்திவிட்டார்.

“தாஜ்மகால்.”

நடத்துபவர் சற்றுத் தயங்கினார். பிறகு மீதியைப் படித்தார். “...பூமிக்கு அடியில் ஏழு அடுக்குகளாக இறங்கிச் செல்வதுமான படிக்கிணறு எது?”

வங்கி ஜோடியில் அந்த அம்மாள் நிதானமாக, “ராணி கீ வாவ்” என்றாள். அரங்கம் கைதட்டியது.

அத்தானுக்கு அது தெரியாதா? நன்றாகத் தெரியும். கணவன் இறந்த பிறகு ஒரு ராணி கட்டியதாகச் சொல்லப்படும் கிணறு, சுவரெல்லாம் சிற்பம். அதே கேள்வியை அதே சமையலறை வாசலில் அக்கா படித்தபோதும் இவர் பாதியில் தாஜ்மகால் என்றுதான் சொன்னாராம். அவள் அன்றைக்கே, இல்லை, மீதியைக் கேளுங்கள் என்று சொல்லியிருக்கிறாள். அவர் வெங்காயம் நறுக்கும் அவசரத்தில் இருந்தார்.

வீட்டுக்குத் திரும்பும் பேருந்தில் அவர்களுக்குப் பின் இருக்கையில் நான். அத்தான் பொருமிக்கொண்டே வந்தார், கேள்வியை வேண்டுமென்றே சுற்றி வளைத்திருக்கிறார்கள் என்று. அக்கா ஜன்னல் பக்கம். அவள் கோபமாகவே இல்லை. எதையோ யோசித்து, கொஞ்சம் சிரித்த முகமாகத் திரும்பினாள்.

“அந்தக் கிணத்துக்கு நாம ஒரு தடவை...”

“பதினோராம் நூற்றாண்டு. ஆத்து மண்ணு மூடி ரொம்ப காலம் உள்ளயே கிடந்துச்சு. அப்புறம்தான் தோண்டி எடுத்தாங்க.”

அக்கா மறுபடி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். எனக்கு அத்தானின் பின் மண்டையில் நங்கென்று ஒரு குட்டு வைக்கலாம் போலிருந்தது.

அவள் என்ன சொல்ல வந்தாள் என்பது எனக்குத் தெரியும். என்னிடம் முன்பே முழுதாகச் சொல்லியிருக்கிறாள். கடையில் கூட்டமில்லாத மதிய நேரத்தில் லென்ஸ் துடைத்துக்கொண்டே சொன்னாள்.

“எல்லா இடத்தையும் அவருக்குத் தெரியும்டி. ஆனா ஒரு இடத்துக்கும் நாங்க போனதில்ல. அந்தக் கிணத்துப் படியில கொஞ்ச நேரம் உக்காந்துட்டு வந்தா போதும் எனக்கு.”

“கூட்டிட்டுப் போகச் சொல்லிக் கேளு.”

“கேக்கத்தான் செய்றேன். நாம ஒரு தடவை போலாமான்னு கேக்குறதுக்குள்ள அவர் யாரு கட்டுனாங்கன்னு சொல்லிடுறாரு.” சொல்லிவிட்டு அவளே விழுந்து விழுந்து சிரித்தாள்.

அத்தான் ஓய்வுபெற்ற பிறகாவது போயிருக்கலாம். காலம் கையில் இருக்கிறது என்று எல்லோருக்கும் ஒரு நினைப்பு. ஒருநாள் கடையில் நின்றுகொண்டிருக்கும்போதே அக்கா சரிந்து விழுந்தாள். பக்கவாதம். உயிர் தப்பியது பெரிய காரியம் என்றார்கள் ஆஸ்பத்திரியில். வலது கை சரியாக வரவில்லை. பேச்சு பாதியாகப் போய்விட்டது. பாதி என்றால் நிஜமாகவே பாதி. வாக்கியத்தைத் தொடங்குவாள், நடுவில் சொல் கிடைக்காமல் நின்றுவிடுவாள். உதடு அசையும், கண் கெஞ்சும்.

இதில் கொடுமை என்னவென்றால், பாதிக் கேள்விக்குப் பதில் சொல்வதில் அத்தானை அடிக்க ஆள் கிடையாது. அவருக்கே அந்த நம்பிக்கை இருந்தது. “நான் பாத்துக்குறேன், அவ வாயத் தொறந்தாலே எனக்குத் தெரியும்” என்று டாக்டரிடம் மார்தட்டினார்.

அவருக்கு ஒன்றும் தெரியவில்லை.

“அந்த... வெள்ளை...” என்பாள். துண்டை எடுத்து வருவார். இல்லை என்று தலையாட்டுவாள். போர்வை, சட்டை, மாத்திரை என்று ஒவ்வொன்றாகத் தூக்கிக்கொண்டு ஓடிவருவார். அவள் கடைசியில் அலுத்துப்போய்க் கண்ணை மூடிக்கொள்வாள். அவள் வாக்கியங்கள் எப்படி முடியும் என்பதை அந்த மனிதர் கேட்டிருந்தால்தானே தெரியும். எல்லாவற்றையும் விட அதிகமாக அவள் தொடங்கிய வாக்கியம் ஒன்று இருந்தது. “நாம... ஒரு தடவ...” அதற்கு மேல் வராது. பாத்ரூமா, டாக்டர்கிட்டயா, மாடிக்கா என்று அவர் கேட்கக் கேட்க அவள் கண்ணில் நீர் கோத்துக்கொள்ளும்.

பேச்சுப் பயிற்சி கொடுக்க வரும் பெண் இதை இரண்டு நாள் கவனித்துவிட்டு அவரிடம் சொன்னாள். “சார், நீங்க முடிச்சுக் குடுக்காதீங்க. எவ்வளவு நேரம் ஆனாலும் அவங்களே முடிக்கட்டும். நீங்க முந்திக்கிட்டா அவங்களுக்குப் பேச்சு வராது.”

மறுநாள் அத்தான் என் வீட்டுக்கு வந்தார். நான் துணி மடித்துக்கொண்டிருந்தேன். நாற்காலியில் உட்காராமல் நின்றுகொண்டே இருந்தார். அவர் என்னிடம் ஒரு கேள்வி கேட்டது அன்றைக்குத்தான் முதல் தடவை.

“நாம ஒரு தடவைன்னு ஆரம்பிக்கிறா. அதுக்கு அப்புறம் என்ன சொல்ல வரான்னு உனக்குத் தெரியுமா?”

எனக்குப் பொத்துக்கொண்டு வந்தது. “இத்தன வருஷமா அவ உங்ககிட்டதானே சொல்லிட்டு இருந்தா. காதுல வாங்குனீங்களா?”

அவர் பேசாமல் நின்றார். அப்படி நின்று நான் பார்த்ததே இல்லை. என் கோபம் இறங்கிவிட்டது. சொன்னேன். கிணற்றைப் பற்றி, படியில் உட்கார வேண்டும் என்ற ஆசையைப் பற்றி, போலாமா என்று கேட்பதைப் பற்றி, எல்லாம்.

“அன்னிக்கு பஸ்ல கேட்டாளே, அதுவா?”

“அதுதான்.”

“நான் என்ன சொன்னேன்?”

“பதினோராம் நூற்றாண்டுன்னு சொன்னீங்க.”

முகத்தைத் துடைத்துக்கொண்டார். பிறகு அவருக்கு வேகம் வந்துவிட்டது. டாக்டரைப் பார்த்துக் கேட்டார். ரயில் நிலையத்துக்குப் போய், விசாரணைக் கூண்டின் ஓட்டையில் குனிந்து நின்று, நோயாளியைக் கூட்டிப்போக என்ன வசதி உண்டு என்று விசாரித்தார். அங்கே இருந்தவன் இவரை முழுதாகக் கேட்க விட்டானாம். மெதுவாகப் போகலாம், துணைக்கு ஒருவர் வேண்டும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். நான் வருகிறேன் என்றேன்.

“இதை நீங்களா போய்ச் சொல்லிடாதீங்க, அத்தான். அவ கேக்கட்டும். கேட்டு முடிச்சதும் சொல்லுங்க.”

“சரி,” என்றார், சின்னப் பிள்ளை மாதிரி.

அன்று சாயங்காலம் நானும் கூட இருந்தேன். சமையலறை வாசலில் இருந்த அதே ஸ்டூலைக் கட்டிலருகே போட்டு அத்தான் உட்கார்ந்தார். இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டார், மணி ஏதும் பக்கத்தில் இருந்தால் அழுத்திவிடுவாரோ என்று பயந்தவர் போல. அக்கா அவரைப் பார்த்தாள்.

“நாம... ஒரு தடவ...”

அத்தானின் உதடு துடித்தது. நான் முறைத்தேன். அடக்கிக்கொண்டார்.

அக்கா காத்திருந்தாள், அவர் முந்திக்கொள்வார் என்று. அவர் முந்தவில்லை என்றதும் அவளுக்கே ஆச்சரியமாக இருந்திருக்க வேண்டும். மறுபடி தொடங்கினாள். நடுவில் நின்றாள். மூச்சு வாங்கினாள். வெளியே யாரோ மாடிப்படி ஏறிப்போகும் சத்தம் கேட்டு அடங்கியது. அத்தான் அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார், சொல்ல வேண்டிய ஒற்றைச் சொல்லை நாக்கு நுனியில் வைத்துக்கொண்டு. போலாம்.

“நாம... ஒரு தடவ... கூட...”

இடது கையால் அவர் சட்டையைப் பிடித்துக்கொண்டாள்.

“...எங்கயும்... போகலையே.”

முழுதாகச் சொல்லிவிட்டாள். பயிற்சிப் பெண் கேட்டிருந்தால் சந்தோஷப்பட்டிருப்பாள். அத்தான் கைகளைத் தொடைக்கு அடியிலிருந்து எடுக்கவே இல்லை. தயாராக வைத்திருந்த பதிலுக்கு அங்கே கேள்வி இல்லை.