வாழைத்தார் வண்டியில் ஒரு பரீட்சை

ஏழாம் வகுப்பு முழுஆண்டுப் பரீட்சையில் சமூக அறிவியலை மட்டும் நான் வாழைத்தார் ஏற்றும் வண்டியில் உட்கார்ந்து எழுதினேன். எழுதினேன் என்பதுகூடச் சரியில்லை. நான் பேசினேன், லேப்டாப் எழுதியது.

எனக்கு எழுத வராது. படித்ததெல்லாம் மண்டையில் பத்திரமாக இருக்கும். பேனாவைப் பிடித்தால் போதும், எழுத்துகள் ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு இடம் மாறிவிடும். இதற்கென்று ஒரு பெயர் இருப்பது எங்கள் வீட்டில் யாருக்கும் தெரியாது. அம்மா அதைக் கவனக்குறைவு என்றாள். அப்பா தன் பங்குக்கு வெண்டைக்காயாக வாங்கிக் குவித்தார். வகுப்பு டீச்சர் சோம்பேறித்தனம் என்று முடிவு கட்டிவிட்டார். கண்டிப்புக்கு ஸ்ரீரங்கத்திலேயே பேர் போனவர் அவர். ஒரு சொல்லைத் தப்பாக எழுதினால் பக்கம் நிறைய அதையே எழுதி வரச் சொல்வார். நான் வரிக்கு ஒரு விதமாக எழுதிக்கொண்டு போய் நிற்பேன். அரையாண்டு முடிந்ததும் பள்ளிக்கூடத்தில் அப்பாவைக் கூப்பிட்டு, டி.சி. வாங்கிக்கொண்டு வேறு இடம் பார்த்துக்கொள்ளச் சொன்னார்கள்.

எனக்கு அந்தப் பள்ளிக்கூடத்தை விட்டால் வேறு உலகம் இல்லை. இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. அப்பா காந்தி மார்க்கெட்டில் வாழைக்காய் மண்டி வைத்திருந்தார். மனதில் எதையும் வைத்துக்கொள்ளத் தெரியாதவர். தெற்கு வாசல் பக்கம் ஒரு செல்போன் கடையில் போனை ரிப்பேருக்குக் கொடுக்கப் போனவர், என்னைப் பக்கத்தில் நிறுத்திக்கொண்டே என் கதை முழுவதையும் கடைக்கார அண்ணனிடம் கொட்டிவிட்டார்.

அண்ணன் எந்தப் பள்ளிக்கூடம், எந்த டீச்சர் என்று விசாரித்தார். சொன்னதும், கையிலிருந்த ஸ்க்ரூ டிரைவரைக் கொஞ்ச நேரம் உருட்டிக்கொண்டிருந்தார்.

"வீட்ல லேப்டாப் இருந்தா எடுத்துட்டு வாங்க" என்றார் அப்பாவிடம்.

அதில் அவர் என்னென்னவோ ஏற்றிக் கொடுத்தார். பேசினால் எழுதியது. ஓரிரு எழுத்தைத் தட்டினால் நான் நினைத்த சொல் எதுவாக இருக்கும் என்று நாலைந்தை எடுத்து நீட்டியது. எழுதியதைத் திரும்ப வாசித்தும் காட்டியது. தப்பாக இருந்தால் என் காதுக்கு உடனே தெரிந்துவிடும். நான் வாயைப் பிளந்துகொண்டு பார்த்தேன்.

"எனக்கும் ஒன்ன மாதிரிதான் பாப்பா, எழுத வராது" என்றார் அண்ணன். "டீச்சர் அடி தாங்க முடியாம ஒன்பதாவதோட நின்னுட்டேன். இப்ப மெசேஜ், பில் எல்லாமே இதுலதான்."

அப்பா நேரே பிரின்சிபாலிடம் போய், தார் பேரம் பேசுவதுபோலப் பேசினார். ஒரே ஒரு பரீட்சை. தேறாவிட்டால் தானே டி.சி. கேட்டு வாங்கிக்கொள்வதாகச் சொன்னார். பிரின்சிபால் இறங்கிவந்தார். ஆனால் டீச்சர் பக்கத்திலேயே உட்கார்ந்து பார்க்க வேண்டும் என்றார். டீச்சருக்குத் துளியும் இஷ்டமில்லை. "மெஷின் எழுதினா அது இவ எழுதினதா ஆயிடுமா?" என்று எனக்கு முன்னாலேயே கேட்டார்.

எல்லாம் யோசித்த நாங்கள் ஒன்றை யோசிக்கவில்லை. பரீட்சை சித்திரைத் தேருக்கு முதல் நாள். முசிறி, துறையூர்ப் பக்கத்து ஜனமெல்லாம் முதல் நாளே வந்து இறங்கிவிடும். பள்ளிக்கூட வாசல்வரை ஒலிபெருக்கி கட்டியிருந்தார்கள். நான் முதல் விடையைச் சொல்லச் சொல்ல, லேப்டாப் என்னை விட்டுவிட்டு ஒலிபெருக்கிக்குக் காது கொடுத்தது. முகலாயர் ஆட்சிக்கு நடுவே, சிவப்புச் சட்டை போட்ட சிறுவன் ஒருவன் பெற்றோரைக் காணாமல் மேடை அருகே அழுதுகொண்டிருந்தான். அழித்துவிட்டு மறுபடி சொன்னேன். அந்தச் சிறுவன் மறுபடியும் வந்தான்.

"இதுக்குப் பேர் பரீட்சையா?" என்றார் டீச்சர். எனக்கும் அழுகை வந்துவிட்டது.

அப்பா மண்டிக்குப் போகாமல் வாசலிலேயே வண்டியோடு நின்றிருந்தார். விஷயம் கேட்டதும் உள்ளே வந்தார். "கொள்ளிடக் கரைக்குப் போயிடலாங்க. வண்டில கண்ணாடிய ஏத்திவிட்டா ஒரு சத்தம் வராது" என்றார். பிரின்சிபால் வேறு வழியில்லாமல் தலையாட்டினார்.

கரையில் வண்டியை நிறுத்திவிட்டு அப்பா இறங்கிப் போய் ஒரு மரத்தடியில் நின்றுகொண்டார். ஓட்டுநர் இடத்தில் டீச்சர், பக்கத்தில் நான், மடியில் லேப்டாப். ஏற்றிய கண்ணாடிக்குள் சித்திரை வெயிலும் வாழைப்பட்டை வாசனையும் மூச்சை அடைத்தன. முக்கொம்பில் அணை எதற்கு என்று ஒரு கேள்வி. அப்பாவோடு எத்தனையோ முறை போன இடம். காவிரியும் கொள்ளிடமும் பிரிவதை, வெள்ளம் வந்தால் தண்ணீரை எந்தப் பக்கம் திருப்புவார்கள் என்பதைச் சொல்லிக்கொண்டே போனேன். முதலில் திரையையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்த டீச்சர், எப்போது என் பக்கம் திரும்பினார் என்று தெரியவில்லை.

"இவ்வளவும் ஒனக்குத் தெரியுமா?"

"தெரியும் டீச்சர்."

"அப்பறம் ஏன் ஒரு நாளும் சொல்லல?"

"நீங்க எழுதத்தானே சொன்னீங்க?"

அவர் மறுபடி திரையைப் பார்த்தார். பிறகு, இதை யார் போட்டுக் கொடுத்தது என்று கேட்டார்.

எனக்குப் பெருமை தாங்கவில்லை. "தெற்கு வாசல் செல்போன் கடை அண்ணன், டீச்சர். அவங்களுக்கும் என்ன மாதிரியே எழுத வராதாம். அவங்க டீச்சர் அடிச்சுக்கிட்டே இருப்பாங்களாம். அதான் ஒன்பதாவதோட நின்னுட்டாங்களாம்."

டீச்சர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். சத்தம் வந்தாலும் பரவாயில்லை என்பதுபோலக் கண்ணாடியை இறக்கினார். முந்தானையால் முகத்தைத் துடைத்தார். வெக்கை என்று நினைத்தேன்.

"ரொம்ப மெலிஞ்சிருக்கானா?" என்றார், வெளியே பார்த்தபடியே.

கடைக்காரர் மெலிந்தால் இவருக்கு என்ன என்று எனக்குச் சிரிப்பு வந்தது. "இல்ல டீச்சர், லேசா தொப்பைகூட இருக்கு" என்றேன்.

நான் தேறினேன். மறுவருடம் எல்லாப் பரீட்சையையும் லேப்டாப்பில் எழுத எனக்காகப் பேசியவர் அந்த டீச்சர்தான். கல்லூரிக்குப் போன பிறகு, ஒருநாள் பூ தொடுத்துக்கொண்டே அம்மா பேச்சுவாக்கில் சொன்னாள். அந்த அண்ணன் டீச்சரின் ஒரே மகனாம், அவரிடமே படித்தவராம். படிப்பை நிறுத்திய வருடம் வீட்டை விட்டுப் போனவர், பிறகு அம்மாவோடு பேசவே இல்லையாம். மகனின் கடை எதிர்ப்படும் என்று டீச்சர் காவிரிக்கரை அம்மா மண்டபத்துக்குக்கூடச் சுற்றிக்கொண்டுதான் போவாராம்.

அடித்தது அம்மா என்று அண்ணன் என்னிடம் சொல்லவில்லை, டீச்சர் என்றுதான் சொன்னார். அதை அப்படியே கொண்டுபோய் அந்த அம்மாவிடமே சொல்லிவிட்டு, அவர் முகம் துடைத்து முடிக்கும்வரை பொறுமையில்லாமல் காத்திருந்து, கண்ணாடியை ஏற்றச் சொல்லி, "அடுத்த கேள்விக்குப் போலாமா டீச்சர்?" என்று கேட்டிருக்கிறேன்.