தையல்காரரின் கணுக்கால் அளவு

பிரஷர் மாத்திரையை மாற்றினால் மூன்றே நாளில் கால் வீக்கம் வடிந்துவிடுமாம். தெருவெல்லாம் இதே பேச்சு. சாட்சி, எங்கள் முக்குக்கடைத் தையல்காரர். எனக்கும் பிரஷர் உண்டு. விசாரிக்கப் போனேன்.

இருபத்தெட்டு வருஷமாக இந்தத் தெருவின் இடுப்புகள் எல்லாம் அவருக்கு மனப்பாடம். இப்போது சுவரில் சொந்தக் கணுக்காலின் கணக்கு, சாக்பீஸில்: பழைய மாத்திரை அம்லோடிபின் நாட்களில் பத்தேகால் அங்குலம், மாற்று மாத்திரை சில்னிடிபின் போட்ட மூன்று நாளும் ஒன்பதரை.

"வீங்கின காலால பெடல் மிதிக்க முடியலைங்க. நாப்பது யூனிஃபார்ம் தைக்கணும். கால் நின்னா கடை நின்னுச்சு."

சில்னிடிபின், எதிரே பட்டன் கடை வைத்திருக்கும் பட்டன் அக்காவின் மாத்திரை. மூன்று கைமாற்று வாங்கியிருந்தார்.

"டாக்டரைக் கேட்டீங்களா?"

"ரெண்டும் ஒரே குடும்பம்னுவாரு. ஒரே குடும்பம்னா ஒரே குணமா? என் தம்பியப் பாருங்க."

தம்பியை எனக்குத் தெரியும். தையல்காரரையும், பட்டன் துளைக்குக் காஜா எடுத்துக்கொண்டிருந்த அவர் மனைவியையும் டாக்டரிடம் கூட்டிப் போனேன்.

"எப்படி அளந்தீங்க? காட்டுங்க," என்றார் டாக்டர்.

தையல்காரர் டேப்பைச் சுற்றி, உள்ளே இரண்டு விரலை நுழைத்தார்.

"விரல் எதுக்கு?"

"லூஸ் விடலேன்னா பிடிக்குமே சார்."

"மூணு நாளும் அப்படியேவா?"

"அந்த மூணு நாளும் இவருக்கு இடுப்புப் பிடிச்சுக் குனிய முடியல, நான்தான் அளந்தேன்," என்றார் மனைவி. "இறுக்கித்தான் புடிச்சேன். வீக்கத்துக்கு எதுக்கு லூஸு?"

வடிந்தது வீக்கமல்ல, இரண்டு விரல். டாக்டர் நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். பிறகு அந்தக் காலை அழுத்தினார். குழி விழுந்தது, உடனே எழவில்லை.

"அம்லோடிபின் சிலருக்குக் காலை வீங்க வைக்கும். சில்னிடிபின்ல அது குறைவு. ஆனா மூணு நாள்ல பழைய மாத்திரையே உடம்பை விட்டுப் போயிருக்காது." சில்னிடிபினையே எழுதினார்.

"அப்ப நான் சொன்னது சரிதானே?"

"சரிதான். தப்பாக் கண்டுபிடிச்சீங்க. இனிமே யார் மாத்திரையையும் வாங்காதீங்க, உங்களோடதை யாருக்கும் கொடுக்காதீங்க."

சரியானதைத் தப்பாகக் கண்டுபிடித்தவரைத் தெருவில் என்னவென்று சொல்வது? யோசித்தபடி திரும்பினால், கடை வாசலில் பட்டன் அக்கா கையை நீட்டிக்கொண்டு நின்றார்.

"புது அட்டை வந்துடுச்சில்ல? என் மூணு மாத்திரையக் குடுங்க."

"கொடுக்கக் கூடாதுன்னு டாக்டர் சொல்லிட்டாரு அக்கா."

"வாங்கறப்ப எந்த டாக்டரக் கேட்டு வாங்குனீங்க?"

தையல்காரர் அட்டையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். நான் சுவரைப் பார்த்தேன். அக்கா கையை மடக்கவில்லை.