துடுப்பு வெட்டிய நாற்பத்தொரு மீன்

ஜப்பானில் எங்கள் கியூஷூத் தீவின் ஆறுகளில் ஏறும் மீனுக்கு ஆயு என்று பெயர். ஆயுசு என்னவோ ஒரே வருடம்தான். வசந்தத்தில் கடலிலிருந்து வரும். தடுப்பணையைத் தாண்டாவிட்டால் அடுத்த வருடம் பார்த்துக்கொள்ளலாம் என்ற பேச்சே கிடையாது.

அணையோரத்து மீன்படி, அதாவது மீன் துள்ளி ஏறக் கட்டிய நீர்ப்படிக்கட்டு, உடைந்து பதினோரு வருடம். மீன் ஏறவில்லை என்று நிரூபித்தால் புதுப்படி கட்டித் தருகிறோம் என்றது மாகாண அலுவலகம். எங்கள் மீனவர் சங்கத்தில் அதற்கு ஒருத்திதான் ஆள், தோகியே. கல்யாண வீட்டில்கூட வாசல் செருப்பை எண்ணிவிட்டுத்தான் உள்ளே வருவாள். சங்கச் செயலாளர் நான். அவள் சொல்லும் எண்ணிக்கையை ஒருநாளும் சந்தேகப்பட்டதில்லை.

அணைக்குக் கீழே இருநூறு மீனைப் பிடித்து, முதுகின் கடைசியிலுள்ள சின்னத் துடுப்பைக் அடையாளத்துக்குக் கத்தரித்து, திரும்ப அங்கேயே ஆற்றில் விட்டாள். மேலே வலை போட்டால் அவற்றில் ஒன்றும் சிக்கக்கூடாது. நாற்பத்தொன்று சிக்கின.

"படி பிரமாதமா வேலை செய்யுதேம்மா!" என்றார் மாகாண அதிகாரி.

தோகியே நம்பவில்லை. காவலிருந்து நான்காம் நாள் காலை அணையடியில் ஆளைப் பிடித்தாள். டோஃபு என்னும் சோயாக்கட்டி விற்கும் ஓகிதா, டோஃபு அள்ளும் கரண்டியும் இரண்டு வாளியுமாக நின்றார்.

"என்னண்ணே இது?"

"எவனோ படுபாவி துடுப்பை வெட்டி விட்டிருக்கான் தோகியே. காயம்பட்டது எப்படி ஏறும்? அதை மட்டும் பொறுக்கி மேல கொண்டுபோய் விடறேன்."

"அந்தப் படுபாவி நான்தான்."

ஓகிதா வாளியைப் பார்த்தார். "முன்னாடியே சொல்லியிருக்கலாமில்ல?"

ஜூனுக்கு முன் ஆய்வு அனுமதியில்லாமல் ஆயுவைத் தொட்டால் வழக்கு; அனுமதி தோகியேவிடம் மட்டும்தான். வாளி விஷயத்தை மறைத்தால் படி கிடைக்காது. தோகியே அறிக்கையில் எழுதினாள்: நாற்பத்தொன்றும் வாளியில் ஏறின.

"யாரோட வாளி?" என்றார் அதிகாரி.

"என்னோடது."

உண்மையைச் சொல்லக் கிளம்பிய ஓகிதாவை அவளே மறித்தாள். "நீங்க உள்ள போனா ஊருக்கு டோஃபு யார் போடுவா? பேசாம இருங்க."

ஆய்வில் மோசடி என்று அவளுடைய அனுமதியைப் பிடுங்கினார்கள். இனி ஆற்றில் இறங்கக்கூடாது. சங்கத்தின் நீக்கல் கடிதத்தில் கையெழுத்துப் போடவேண்டியவன் நான். பேனாவை மூடி வைத்தேன்.

"போடுங்க. தேதியைத் தப்பாப் போட்டுராதீங்க," என்றாள்.

வெளியூர் ஆட்கள் வந்து மறுபடி எண்ணினார்கள். ஒன்றும் ஏறவில்லை. படி கட்டப்பட்டது. அதில் ஏறும் மீனை எண்ண ஆளில்லாததால், கூசிப்போய் ஓகிதாவே முன்வந்தார்.

இந்த வசந்தத்தில் முதல் கூட்டம் புதுப்படியில் துள்ளித் துள்ளி ஏறியது. முழங்கால் தண்ணீரில் நின்று ஓகிதா கத்தினார்: "முப்பத்தொம்பது!"

"நாப்பது," என்றாள் பாலத்திலிருந்து தோகியே. அழுதுகொண்டிருந்தாள். கண்ணைத் துடைத்தால் ஒன்று தவறிவிடுமென்று துடைக்கவில்லை.