பனங்காட்டுக்குள் நான் நின்றதைப் படம் பிடித்த பிள்ளை

அந்தப் பிள்ளை அடம்பன் ஊர்ப் பக்கம். வயல்காரர் வீட்டுப் பிள்ளை, நண்டைக் கறிச்சட்டியில் மட்டும் கண்டவள். சண்டை முடிந்து சில வருஷத்தில், ஒரு சின்னக் கமராவும் முதுகுப் பையுமாக எங்கள் கரைக்கு வந்தாள். வலையில் சிக்கின நண்டைக் கழற்றுகிற பெண்களைப் படம் எடுக்கப் போகிறேன் என்றாள்.

"எங்களை எடுத்து ஆர் பாக்கப் போகினம்?" என்று கேட்டேன்.

"முதல்ல நீங்கள் பாருங்கோ அம்மா. மற்றவை பிறகு பாக்கட்டும்."

அந்தப் பதில் எனக்குப் பிடித்தது. அதற்கு முன்னும் ஆட்கள் வந்து படம் எடுத்திருக்கிறார்கள். வாகனத்தால் இறங்குவார்கள், கஷ்டத்தைச் சொல்லுங்கோ என்பார்கள், கண்ணீர் வருமட்டும் நிற்பார்கள், போய்விடுவார்கள். நான் அழுது காட்டுகிற ஆளில்லை. என் மனிசன் கடலோடு போனபிறகு இந்த இரண்டு கையாலும் மூன்று பிள்ளைகளை ஆளாக்கினவள்.

இவள் முதல் மூன்று நாளும் கமராவை வெளியில் எடுக்கவேயில்லை. எங்களோடு மணலில் குந்தியிருந்து நண்டு கழற்றினாள். ஒன்று விரலைக் கவ்வ, அவள் குளறின குளறலில் காகமெல்லாம் எழும்பிப் போயிற்று. "மெல்லப் பிள்ளை, நண்டுக்குக் காது அடைக்கப் போகுது" என்றாள் பக்கத்தில் இருந்தவள். எல்லாரும் சிரித்தோம். விரலைச் சூப்பிக்கொண்டே அவளும் சிரித்தாள். அடுத்த நண்டை விடாமல் கழற்றினாள். அதிலேதான் அவளை மதிக்கத் தொடங்கினேன்.

நாலாம் நாள் விடிய என்னோடு கரைக்கு நடந்து வந்தாள். நான் வழக்கம்போலப் பனங்காட்டுப் பக்கம் திரும்பினேன்.

"நேர்ப் பாதை இருக்க ஏனம்மா சுத்திப் போறியள்?"

எங்கள் கரையில் அது பழைய வழக்கம். வள்ளம் கடலுக்கு இறங்குகிற நேரம் தாலி இல்லாதவள் எதிர்ப்படக் கூடாது. பட்டால் வலை வெறுமையாக வரும் என்பார்கள். பாதர் பிரசங்கத்தில் எத்தனையோ தரம் கண்டித்தவர். "ஓம் பாதர்" என்று தலையாட்டுவார்கள், அடுத்த நாள் அதே கதைதான். அதனால் கைம்பெண்கள் நாங்கள் பனைகளுக்குப் பின்னால் நின்று, கடைசி வள்ளமும் போனபிறகுதான் கரையில் கால் வைப்போம். அதற்குள், இருட்டோடு போய்த் திரும்பின வள்ளங்களின் நல்ல வலைகளில் மற்றப் பெண்கள் குந்திவிடுவார்கள். எங்களுக்கு மிச்சம்தான்.

இதையெல்லாம் மழை வெயிலைப் பற்றிக் கதைப்பதுபோல அவளுக்குச் சொன்னேன். இஞ்சின் சத்தம் கேட்கக் கேட்க, "இது இன்னாற்ற வள்ளம், இது சம்மாட்டியின்ர, அவற்ற இஞ்சின் இருமித்தான் எழும்பும்" என்றும் சொன்னேன். சம்மாட்டி என்றால் எங்களுக்கு வலை தருகிற வள்ளக்கார முதலாளி. கமரா ஓடிக்கொண்டிருந்தது.

சில மாதம் கழித்து, படத்தைச் சரிப்படுத்திக்கொண்டு வந்தாள். அடுத்த ஞாயிறு கோயில் மண்டபத்தில் ஊருக்குக் காட்டப்போவதாகச் சொன்னாள். அதற்கு முன் எனக்குத் தனியாக, தன்னுடைய கொம்பியூட்டரில் போட்டுக் காட்டினாள். பனை இடம் வந்ததும் நிறுத்தினாள்.

"வேண்டாமெண்டாச் சொல்லுங்கோ, இப்பவே வெட்டிப்போடுறன். சம்மாட்டி கோவிச்சு வலை தராமல் விட்டால், நான் அடம்பன்ல இருப்பன். இஞ்ச இருக்கப் போறது நீங்கள்."

படம் எடுக்க வந்தவர்களில் இப்படிச் சொன்னவள் இவள் ஒருத்திதான். சம்மாட்டியின் வலை இல்லாவிட்டால் எனக்கு அடுப்பு எரியாது. அது அவளுக்கும் தெரியும்.

மூன்று தரம் போடச் சொல்லிப் பார்த்தேன். நான் அங்கே நிற்கிற நிலையை அதுவரை நான் கண்டதில்லை. ஏதோ களவெடுத்தவள் மாதிரிப் பனையோடு ஒட்டிக்கொண்டு நிற்கிறேன். நானா இது?

"வெட்டாதை," என்றேன்.

ஞாயிறு பின்னேரம் மண்டபம் நிரம்பிவிட்டது. "நடிகை வாறா, இடம் விடுங்கோ" என்று என்னைக் கேலி செய்தார்கள். முன்வரிசைக் கதிரையில் சம்மாட்டி, பக்கத்தில் அவருடைய தாய். தாயும் கைம்பெண்தான். வெள்ளைச் சேலைத் துண்டில் படம் ஓடியது. அந்த இடம் வந்தபோது, நான் பனையால் எட்டிப் பார்ப்பதைக் கண்டு சிலர் சிரித்தார்கள். இஞ்சின் இருமுகிறது என்றதற்கு இன்னும் சிரித்தார்கள். பிறகு படத்தில் பேச்சே இல்லை. நான் நிற்கிறேன், வள்ளங்கள் போகின்றன, நான் நிற்கிறேன். அதை வெட்டிச் சுருக்காமல் அந்தப் பிள்ளை அப்படியே விட்டிருந்தாள். நான் நிற்கிற நேரம் முழுக்க ஊரும் இருந்து பார்க்க வேண்டியதாயிற்று. சிரிப்பு நின்றுபோனது.

அப்போது சம்மாட்டியின் தாய் மகனைப் பார்த்து, எல்லாருக்கும் கேட்கத்தக்கதாக, "நீ கடலுக்குப் போகுமட்டும் நானும் குசினிக்குள்ளதான் நிக்கிறனான். உனக்குத் தெரியாதே?" என்றார்.

மகன் படம் முடிய எழும்பிப் போய்விட்டார். நாளைக்கு வலை கிடைக்குமோ என்று நினைத்தேன். அந்தப் பிள்ளை வந்து என் கையைப் பிடித்தாள்.

மறுநாள் விடிய நான் நேர்ப் பாதையால் போனேன். ஒளித்து நின்றதை ஊரே பார்த்தாயிற்று, இனி ஒளித்து என்ன? கரையில் சம்மாட்டியின் வள்ளம் இன்னும் இறங்கவில்லை. வேலையாள் ஒருவன், "மாமி, கொஞ்சம் பிந்தி வாங்கோவன்" என்றான். சம்மாட்டி என்னை ஒரு பார்வை பார்த்தார்.

"வந்திட்டியள்தானே. சும்மா நிக்காமல் வந்து தள்ளுங்கோ."

வள்ளத்தின் முன்பக்கத்து அணியத்தில் தோளைக் கொடுத்தேன். மனிசன் போனபிறகு நான் ஒரு வள்ளத்தில் கை வைத்தது அன்றைக்குத்தான். அது கடலில் இறங்கிப் போனது. அந்தோனியாரே, இண்டைக்கு மட்டும் வலை வெறுமையாய் வரப்படாது என்று, அவர்கள் திரும்புமட்டும் மணலில் இருந்து செபமாலை சொன்னேன்.

வள்ளம் வந்ததும் முதலில் ஓடிப்போய் எட்டிப் பார்த்தவள் நான்தான். முந்தின நாள் பட்ட அளவு நண்டு. கூடவுமில்லை, குறையவுமில்லை. வலையை இழுத்து என் மடியில் போட்டுக்கொண்டேன்.